நோன்பு நாளில் ஒரு மூச்சு

ஜமீரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவனுடைய பிடிவாதத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நானும் அவனும் சேர்ந்து கீழ்க்கட்டளையில் கார் பட்டறை வைத்திருக்கிறோம். நசுங்கின தகட்டைத் தட்டி நிமிர்த்துவது என் வேலை. அதன்மேல் பெயிண்ட் அடிப்பது அவன் வேலை. ஒரு கதவுக்கு நிறம் சேரவில்லை என்றால், வண்டிக்காரர் வாசலில் நின்று கத்தினாலும் வண்டியைக் கொடுக்கமாட்டான். சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி அடிப்பான். "அவுருக்கே தெரியாதுடா, வுடு" என்பேன். "எனக்குத் தெரியுதே" என்பான். இந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு இத்தனை வருஷமாக என் உயிரை வாங்கியிருக்கிறான்.

நல்ல குரல் அவனுக்கு. பட்டறைக்குப் பின்தெருவில் ஒரு சின்னப் பள்ளிவாசல் உண்டு. அங்கே தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்கிற மோதினார் ஊருக்குப் போகும் நாட்களில் ஜமீர்தான் சொல்வான். ஒலிபெருக்கியில் அவன் குரல் வந்ததும் நான் சுத்தியலைக் கீழே வைத்துவிடுவேன். பக்தியெல்லாம் இல்லை, நான் நெற்றியில் விபூதி வைக்கிற ஆள். அந்த நீளமான வரியை ஒரே மூச்சில் எப்படி இழுக்கிறான் என்று கேட்பதில் எனக்கு ஒரு சுகம், அவ்வளவுதான். போன வருஷம் அந்த வரி நடுவில் அறுந்தது. ஒரு தடவை இருமல், அடுத்த தடவை இளைப்பு. பிறகு பாங்கு சொல்லப் போவதையே நிறுத்திவிட்டான். கேட்டால் "தொண்ட சரியில்ல" என்றான். மூக்கில் ஒரு கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு பதினெட்டு வயதிலிருந்து பெயிண்ட் அடிக்கிறவனுக்குத் தொண்டை சரியில்லையாம்.

அவனுக்கு ஒரே அக்கா, ஷரீஃபா. குரோம்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலையில் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்கு இரண்டு கிட்னியும் செயலிழந்துவிட்டன. அதிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அதற்காக இடது கையில் ரத்தக்குழாயை இணைத்துத் தைத்தார்கள், அது அடைத்துக்கொண்டது. வலது கையில் தைத்தார்கள், அதுவும் அடைத்துக்கொண்டது. இப்போது கழுத்தில் குழாய். அது அடிக்கடி சீழ் பிடித்துக் காய்ச்சலில் கொண்டுபோய் விட்டது. இனிமேல் குழாய் போட உடம்பில் இடம் தேட வேண்டும் என்று டாக்டர்கள் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குச் சகிக்கமுடியாதது அந்தத் தண்ணீர் பாட்டில். கிட்னி வேலை செய்யாததால் குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். அதனால் அவருக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான். டீயும் அதில்தான், மாத்திரை விழுங்குவதும் அதில்தான். அந்தச் சின்ன பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு, அவ்வப்போது எடுத்து மட்டத்தைப் பார்த்துவிட்டு, குடிக்காமல் திரும்ப வைப்பார். சென்னை வெயிலில் அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அவர் கணவர் பாட்சா பாய்க்குச் சர்க்கரை நோய், அவரால் கிட்னி கொடுக்க முடியாது. "நான் தரேன்" என்று ஜமீர் சொன்னான். ரத்தம் பொருந்தியது, மற்றதும் ஒவ்வொன்றாகப் பொருந்தியது. ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரியில் ரமலான் முடிந்து ஆபரேஷன் என்று தேதியும் குறித்துவிட்டார்கள். பாக்கி இருந்தது ஒரே ஒரு பரிசோதனை. கொடுக்கிறவனுடைய நுரையீரல் எவ்வளவு காற்றை எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறது என்று பார்க்க வேண்டும். மயக்க மருந்து கொடுத்து வயிற்றைத் திறக்கும்போது அவன் மூச்சு தாங்குமா என்று தெரிய வேண்டுமாம்.

நோன்பு தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. ஜமீரின் மனைவி சாஹிரா பிள்ளைகளோடு வீட்டில் இருந்ததால் நான்தான் துணைக்குப் போனேன். அந்த அறையில் அனுப்பிரியா என்றொரு பெண், டெக்னீஷியன். ஜமீரின் மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயில் ஒரு அட்டைக் குழாயைக் கொடுத்து உட்காரவைத்தாள்.

"நல்லா இழுங்க அண்ணா, இழுங்க, இழுங்க, இப்ப ஊதுங்க, வேகமா, விடாதீங்க, இன்னும் இன்னும் இன்னும்" என்று அவள் போட்ட சத்தத்தில், வெளியே இருந்தவர்கள் பிரசவ வார்டு பக்கத்தில்தான் இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். ஜமீர் கழுத்து நரம்பு புடைக்க ஊதினான். முடியும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. மூன்று தடவை ஊதவைத்தாள்.

பிறகு மூக்குக் கிளிப்பைக் கழற்றிவிட்டு, ஒரு நீல நிற இன்ஹேலரைப் பிளாஸ்டிக் குடுவையில் செருகி அவன் கையில் கொடுத்தாள். "நான் அமுத்துவேன், நீங்க மெதுவா இழுத்து மூச்ச அடக்கிக்கங்க. நாலு தடவ. அப்புறம் கால்மணி நேரம் கழிச்சுத் திரும்ப ஊதணும்." அவள் அமுக்க ஆரம்பித்தபோது, வரிசையில் இருந்த ஒரு பெரியவர் தலைசுற்றுகிறது என்று சுவரைப் பிடித்தார். அவள் பார்வை அந்தப் பக்கம் போனது. ஜமீர் குடுவையில் வாயை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். நான்கு தடவையும் முடிந்ததும் எழுந்துபோய் வாஷ்பேசினில் துப்பிவிட்டு வந்தான். நோன்பு நாளில் பட்டறையிலும் இப்படித்தான் எச்சிலைத் துப்பிக்கொண்டே இருப்பான். நான் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

கால்மணி நேரம் கழித்து மறுபடி ஊதினான். அரைமணியில் டாக்டர் ராஜாராமன் எங்களைக் கூப்பிட்டார்.

"இருக்க வேண்டியதுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் காத்து வெளிய வருது. ஆஸ்துமாவா இருந்தா அந்த மருந்துக்கு நம்பர் ஏறணும். இவருக்கு ஏறவே இல்ல. பெயிண்ட், தின்னர், இத்தன வருஷம். உள்ள நிரந்தரமா டேமேஜ் ஆயிருக்குன்னு தோணுது. இவர டோனரா எடுத்தா இவருக்கே ரிஸ்க். ஸாரி."

ஜமீர் எழுந்துகொண்டான். சாயங்காலம் போட்டுக்கொள்ளச் சொல்லி எழுதிக்கொடுத்த இன்ஹேலரை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பைக்கில் என் பின்னால் உட்கார்ந்துகொண்டான். பல்லாவரம் பாலம் தாண்டியதும், "நீ மாஸ்க் போடுடான்னு எவ்ளோ தடவ சொன்ன" என்றான். அழுகிறவனைப் பின்னால் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுவது எவ்வளவு கொடுமை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டில் சாஹிராவிடம் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்து மறைந்ததை நான் பார்த்தேன். அவளைக் குறை சொல்லமாட்டேன். புருஷன் வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள் என்று எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்திருப்பாளோ. ஷரீஃபா அக்கா போனில் ஒரே வார்த்தைதான் சொன்னாராம். "எனக்கு என் தம்பி இருந்தா போதும், கிட்னி வேணாம்." அவரே ஆஸ்பத்திரிக்குப் பேசி, தேதியை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு அனுமதி தருகிற கமிட்டி கூடும்வரை அதை யாருக்கும் கொடுக்கமாட்டோம், அதற்குள் தகுதிச் சான்று வராவிட்டால் கைவிட்டுப் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கமிட்டி கூடுவதற்கு மூன்று நாள்தான் இருந்தது.

மறுநாள் பட்டறையில் அவன் ஸ்ப்ரே கன்னைத் தொடவில்லை. ஒரு ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து நெஞ்சு இளைக்க இளைக்க இருந்தான். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழம் வாயில் போட்டு, பள்ளிவாசலில் வாங்கி வந்த கஞ்சியைக் குடித்து நோன்பு திறந்தான். தொழுதுவிட்டு வந்து, சட்டைப்பையிலிருந்து, முந்தின நாள் தொடாமலே வைத்திருந்த அந்த இன்ஹேலரை எடுத்து இரண்டு தடவை நன்றாக இழுத்தான்.

நான் ஒரு பம்பரைத் தட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. என்னவென்று நிமிர்ந்து பார்த்தேன். அவன் நெஞ்சிலிருந்து வந்த விசில் சத்தம் நின்றிருந்தது. எழுந்து, காலையிலிருந்து நகர்த்த முடியாமல் வைத்திருந்த கதவைத் தூக்கி ஓரமாகச் சாத்திவிட்டு வந்தான். இளைக்கவில்லை.

டிங்கரிங்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. நசுங்கின இடத்தைப் பார்த்ததும் அடி எங்கிருந்து வந்தது என்று தேடுவான். மருந்துக்கு ஏறவே இல்லை என்று டாக்டர் சொன்னார். இங்கே என் கண்முன்னால் ஏறியிருக்கிறது. எனக்கு வாஷ்பேசின் ஞாபகம் வந்தது.

"டேய், ஆஸ்பத்திரில அந்த மருந்த உள்ள இழுத்தியா?"

அவன் என்னைப் பார்த்தான். "நோன்புல எப்புட்ரா இழுப்பேன்? வாயில வெச்சிகினு மூக்கால மூச்சு வுட்டேன். அப்பால துப்பிட்டேன்."

"அந்தப் பொண்ணுகிட்ட இன்னா சொன்ன?"

"ஒண்ணியும் சொல்லல. டெஸ்டுன்னா ஊதறதுதானேடா. மருந்து வைத்தியத்துக்குன்னு நெனச்சேன். சாயங்காலம் எடுத்துக்கலாம்னு."

கையிலிருந்த சுத்தியலை எறிந்தேன். அவன் மேல் இல்லை, சுவர் மேல். அந்த மருந்துதான் பரிசோதனையே என்று புரியவைப்பதற்குள் என் தொண்டை கட்டிவிட்டது. அவனுக்குப் புரிந்தபோது முகம் வெளுத்துப்போனது.

உடனே அனுப்பிரியாவுக்குப் போன் போட்டேன். அவள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். நாளைக்குக் காலையில் வந்தால் பார்க்கலாம், மதியத்துக்கு மேல் டாக்டர் கிடையாது, மறுநாள் கமிட்டி. நோன்பு திறந்த பிறகு சாயங்காலம் வைத்துக்கொள்ள முடியுமா என்று கெஞ்சிப் பார்த்தேன். அந்த அறை மாலை வரைக்கும்கூடத் திறந்திருக்காது என்றாள். அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது, அதனால் மேலே சண்டை போடவில்லை.

ஜமீர் பள்ளிவாசலுக்குப் போய், அங்கே தொழுகை நடத்தும் ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டு வந்தான். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது, ஒரு உயிரைக் காப்பாற்றும் விஷயம் வேறு, நோன்பை விட்டுவிட்டு அதற்குப் பதில் பிறகு ஒரு நாள் பிடித்துக்கொள் என்று அவர் தெளிவாகச் சொல்லிவிட்டாராம். நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். ஆனால் இவன் தலையைக் குனிந்துகொண்டே நின்றான்.

"இன்னும் இன்னாடா?"

"நேர்ச்ச வெச்சிருக்கேன் தினா. இந்த ரமலான்ல ஒரு நோன்பு கூட வுடாம பிடிக்கிறேன், எங்க அக்காவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடியணும்னு. ஹஜ்ரத்கிட்ட அத சொல்லல. வாய் வரல."

சாமி விஷயத்தில் அடுத்தவனிடம் வாயைக் கொடுப்பதில்லை என்பது என் கொள்கை. அன்றைக்கு அந்தக் கொள்கையை விட்டுவிட்டு அவனை நன்றாகத் திட்டினேன். அக்காவுக்காக வைத்த நேர்ச்சையைக் காப்பாற்றுகிறேன் என்று அக்காவையே விடப்போகிறாயா என்று கேட்டேன். "நாளைக்கு வரேன்டா" என்றான். அந்தக் குரலை நான் நம்பவில்லை.

மறுநாள் வந்தான். மூக்கில் கிளிப், வாயில் குழாய், அனுப்பிரியாவின் சத்தம், எல்லாம் பழையபடி. ஊதினான். பழைய நம்பர்தான். அவள் இன்ஹேலரைக் குடுவையில் செருகி நீட்டினாள். இந்த முறை அவள் கண்ணை எடுக்கவில்லை.

ஜமீர் குடுவையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். "அஞ்சு நிமிசம்மா" என்றான். ஐந்து நிமிடம் போனது. வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள். டாக்டர் அறையிலிருந்து ஒருமுறை போன் வந்தது. அவன் குடுவையை வாய்வரை கொண்டுபோனான், திரும்ப இறக்கினான். "அல்லாஹ்கிட்ட சொன்னது தினா" என்றான். எனக்குத் திட்டவும் தோன்றவில்லை, கெஞ்சவும் தோன்றவில்லை. வெளியே போய் ஷரீஃபா அக்காவுக்குப் போன் போட்டேன். அன்றைக்கு அவருக்கு அதே ஆஸ்பத்திரி மாடியில் டயாலிசிஸ். முடிந்து படுத்திருந்தார். நேர்ச்சை விஷயமும், துப்பின விஷயமும், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் போனை வைத்துவிட்டார்.

லிஃப்டிலிருந்து அவர் தனியாக, சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார். கழுத்தில் கட்டு. டயாலிசிஸ் முடிந்த உடம்பு எப்படியிருக்கும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பிடிக்கப் போன என் கையை விலக்கிவிட்டு, நேராக உள்ளே போய் தம்பிக்கு எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னடா நேர்ச்சை?"

ஜமீர் தரையைப் பார்த்தபடி சொன்னான். அக்கா முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு பையைத் திறந்து அந்தச் சின்ன பாட்டிலை எடுத்து அவன் முன்னால் வைத்தார். பாதி இருந்தது.

"நீ விடியறதுலேர்ந்து தண்ணி குடிக்கல. மஃரிப் ஆனதும் வயிறு முட்ட குடிக்கிற. நான் ரெண்டு வருஷமா நோன்புலதான்டா இருக்கேன். எனக்கு எப்ப மஃரிப்?"

ஜமீர் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. எனக்கும்தான், இதில் மறைக்க என்ன இருக்கிறது. பிறகு அவன் குடுவையை எடுத்தான், உதடு அசைய ஏதோ சொன்னான், வாயில் வைத்துக்கொண்டு அனுப்பிரியாவைப் பார்த்துத் தலையாட்டினான். அவள் அமுக்கினாள். நெஞ்சு உயர்ந்து நிற்பதை நானே பார்த்தேன். நான்கு தடவை.

அடுத்த கால்மணி நேரம்தான் என் வாழ்க்கையிலேயே மோசமான கால்மணி நேரம். இழுத்துவிட்டான், சரி. நம்பர் ஏறாவிட்டால்? பட்டறையில் நான் பார்த்தது என் ஆசையாக இருந்தால்? நோன்பும் போய், நேர்ச்சையும் போய், கிட்னியும் இல்லை என்றால் இவன் என் முகத்தில் எப்படி விழிப்பான், நான் அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன்? அக்கா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஜமீர் தன் கைவிரல் இடுக்கில் ஒட்டியிருந்த பழைய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"வாங்க அண்ணா" என்றாள் அனுப்பிரியா.

"இழுங்க, இழுங்க, இழுங்க. இப்ப ஊதுங்க." இந்த முறை நானும் சேர்ந்து கத்தினேன். அக்கா எழுந்து நின்றுவிட்டார். அவன் ஊதினான், ஊதிக்கொண்டே இருந்தான், முகம் சிவந்து கருத்தது, இருந்தும் விடவில்லை. திரையில் அந்தக் கோடு முந்தைய கோட்டுக்கு மேலே ஏறிக்கொண்டு போனது. எனக்கு அந்தப் படமெல்லாம் படிக்கத் தெரியாது. அனுப்பிரியாவின் முகத்தைத்தான் பார்த்தேன். அவள் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

டாக்டர் ராஜாராமன் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நூத்துக்கு ஐம்பத்தெட்டு, இப்ப எழுபத்தஞ்சு. இது ஆஸ்துமாதான். பெயிண்ட் புகையால வந்தது. மருந்து ஒழுங்கா எடுத்தா இன்னும் ஏறும். கமிட்டிக்கு எழுதித் தரேன், ஆபரேஷனுக்கு முன்னாடி திரும்ப ஒரு தடவ ஊதிக் காட்டணும்." பிறகு ஜமீரைப் பார்த்து, "ஆனா ஒண்ணு. இனிமே ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. மாஸ்க் போட்டும் கூடாது. அது முடிஞ்சுது" என்றார்.

எந்தக் கதவுக்கும் நிறம் சேராமல் வண்டியைக் கொடுக்காதவன், சரி என்று தலையாட்டினான். அதற்கு அவனுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. நேர்ச்சைக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டவன்.

பெருநாள் கழிந்து, அவன் மறுபடி ஊதிக் காட்டி, ஆபரேஷன் நடந்தது. அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் நான் ஜமீரின் கட்டிலருகே இருந்தேன். வயிற்றில் தையல், அசைய முடியவில்லை. சாஹிரா அவன் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். அக்கா வேறு மாடியில், கண்ணாடி அறைக்குள். யாரையும் விடமாட்டார்கள். அங்கிருந்த நர்ஸின் போனிலிருந்து வீடியோ கால் வந்தது.

"இந்தம்மா தண்ணி குடிக்க மாட்டேங்கறாங்க சார்" என்று நர்ஸ் புகார் சொன்னாள். "யூரின் நல்லா போவுது, நிறைய குடிக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. வாய நனைச்சிக்கினு, டம்ளர கையில வெச்சிகினு மணியப் பாத்துகினு கீறாங்க. நீங்க கொஞ்சம் சொல்லுங்க."

திரையில் அக்கா தெரிந்தார். ஒரு பெரிய எவர்சில்வர் டம்ளர், விளிம்புவரை தண்ணீர். ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. "இன்னும் ரெண்டு நிமிஷம்தான்டா" என்றார். ஜமீருக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. சாஹிரா போனை அவன் வாயருகே பிடித்தாள்.

நேரம் வந்ததும் ஜமீர் பாங்கு சொன்னான். வார்டில் மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லாத மெல்லிய குரலில், ஒரு கையால் தையலை அழுத்திக்கொண்டு சொன்னான். ஒரு வருஷமாக நான் கேட்காத குரல். நீளமான அந்த வரி நடுவில் ஒருமுறை அறுந்தது. இளைப்பால் இல்லை, தையல் வலியால். நிறுத்தி, மூச்சை இழுத்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி எடுத்தான்.

அவன் முடிப்பதற்குள் அக்கா டம்ளரைக் காலி செய்துவிட்டு, இன்னொன்று கேட்டு நர்ஸிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.